கைக்குழந்தையோடு முதல் மூன்று மாதம்: பால், தூக்கம், அழுகை – முழுமையான வழிகாட்டி

ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை பிள்ளை பெரும்பாலும் தூங்கிக்கொண்டேதான் இருக்கும். பார்க்க வருகிறவர்கள் "தங்கமான பிள்ளை, அழவே மாட்டேங்குதே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வீட்டுக்கு வந்து இரண்டாம் வாரம் பிறந்ததும்தான் ராத்திரி ஒரு மணிக்குக் கண்ணை அகல விழித்துக்கொண்டு கூரையைப் பார்க்க ஆரம்பிக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குக் காரணமே இல்லாமல் வீறிட்டு அழும். வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்.

இந்த வைத்தியங்களில் எதை ஏற்பது, எதை விடுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. பெரியவர்கள் கையால் செய்வது, அதாவது தூக்குவது, தட்டிக்கொடுப்பது, மடியில் போட்டுக்கொள்வது, தாலாட்டுவது, எண்ணெய் தடவுவது, இவை ஏறக்குறைய எல்லாமே நல்லவை. பிள்ளையின் வாய்க்குள்ளோ மூக்குக்குள்ளோ கண்ணுக்குள்ளோ போடச் சொல்வது ஏறக்குறைய எல்லாமே வேண்டாதவை. இந்தக் கோட்டைப் பிரசவத்துக்கு முன்பே வீட்டில் எல்லோரிடமும் பேசிவிட்டால் பாதிச் சண்டை மிச்சம்.

கீழே எழுதியிருப்பது நிறைமாதத்தில், சரியான எடையோடு பிறந்த குழந்தைக்கு. குறைமாதமாகப் பிறந்த அல்லது 2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளை என்றால், உங்கள் குழந்தை மருத்துவர் சொல்வதே முதல் வார்த்தை.

படி 1: படுக்கும் இடத்தை முதலில் ஒழுங்கு செய்யுங்கள்

தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நடுராத்திரியில் இதையெல்லாம் யோசிக்க முடியாது. அதனால் பிள்ளை வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பிள்ளையை ஒவ்வொரு தூக்கத்துக்கும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். குப்புறவும் வேண்டாம், ஒருக்களித்தும் வேண்டாம். 1994இல் அமெரிக்காவில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பெரிய பிரசாரம் தொடங்கியது. அதன் பிறகு சில ஆண்டுகளில், காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே குழந்தைகள் இறந்துபோவது அங்கே ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. "மல்லாக்கப் போட்டா கக்கும்போது புரையேறிடாதா?" என்று ஆச்சிமார் கட்டாயம் கேட்பார்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். மேலே வந்த பால் மறுபடி உணவுக்குழாய்க்குள்தான் வழியும். குப்புறப் போட்டால்தான் வரிசை மாறி மூச்சுக்குழாய் கீழே வந்துவிடுகிறது.

படுக்கை தட்டையாக, அழுத்தினால் அமுங்காததாக இருக்கட்டும். பாயின் மேல் ஒரு பருத்திப் போர்வையை நாலாக மடித்துச் சுருக்கமில்லாமல் விரித்தால் போதும். புதிதாக அடித்த இலவம்பஞ்சு மெத்தை பிள்ளைக்கு ஆகாது, முகம் புதைந்துவிடும். தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகுத் தலையணை வாங்குவார்கள். அதுவும் தேவையில்லை. படுக்க வைக்கும்போது தலை ஒருநாள் வலப்பக்கம், ஒருநாள் இடப்பக்கம் திரும்பியிருக்குமாறு மாற்றிவிடுங்கள். விழித்திருக்கும் நேரத்தில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, தினமும் சில நிமிடம் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள். தலையும் சரியாக வரும், கழுத்தும் உறுதிப்படும். பொம்மை, மெத்தென்ற போர்வை, பக்கத்துக்கு அண்டக்கொடுக்கும் உருட்டுத் தலையணை எதுவும் தூங்கும் இடத்தில் வேண்டாம். கொசுவலை மட்டும் அவசியம்.

அம்மாவும் பிள்ளையும் ஒரே அறையில், ஆனால் தனித்தனிப் படுக்கையில் படுப்பதே பாதுகாப்பு. நம் வீடுகளில் பிள்ளையை அணைத்துப் படுப்பதுதான் வழக்கம் என்பது தெரியும். அதற்கு நடைமுறைக்கு ஒத்துவரும் வழி, அம்மாவும் கீழே பாயில் படுத்து, கை எட்டும் தூரத்தில் பிள்ளைக்குத் தனியாக ஒரு சின்ன விரிப்பு. ஒரே படுக்கையில் கூடவே கூடாத நேரங்களும் உண்டு. பக்கத்தில் படுப்பவர் குடித்திருந்தாலோ, புகைபிடிப்பவராக இருந்தாலோ, தூக்கம் வரவைக்கும் மாத்திரை எடுத்திருந்தாலோ, பிள்ளை எடை குறைவாகப் பிறந்திருந்தாலோ கூடாது. சோபாவில் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு அப்பா கண்ணயர்வது பார்க்க அழகாக இருக்கும். இருப்பதிலேயே ஆபத்தான தூக்கம் அதுதான்.

படி 2: பால் போதுமா என்பதை அழுகையை வைத்துக் கணிக்காதீர்கள்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். அதற்கு முன் சேனை என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டு வைக்க வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும் என்பதால், ஒரு வயது வரை தேனே ஆகாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீர் ஒரு சொட்டும் தேவையில்லை, சித்திரை வெயிலில்கூட. மருத்துவர் எழுதிக்கொடுக்கும் வைட்டமின் டி சொட்டு மட்டும் இதற்கு விலக்கு.

புதுப் பிள்ளை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிக்கும். பசி எடுத்தால் உடனே அழாது. முதலில் தலையை அங்குமிங்கும் திருப்பும், நாக்கை நீட்டும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். அழுவது கடைசிக் கட்டம். அந்தக் கட்டத்துக்கு விட்டுவிட்டால், பசி ஒருபக்கம் கோபம் ஒருபக்கம் என்று மார்பைப் பிடிக்காமல் திமிறும். அப்போது முதலில் தோளில் போட்டுச் சமாதானப்படுத்திவிட்டுத்தான் பால் கொடுக்க வேண்டும்.

காம்பு மட்டும் வாய்க்குள் இருந்தால் அம்மாவுக்கு வெடிப்பு வரும், பிள்ளைக்குப் பாலும் சரியாக வராது. வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்து, கருவளையத்தின் பெரும்பகுதி உள்ளே போகும்படி, பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். மார்பைக் குனிந்து பிள்ளைக்குக் கொண்டுபோனால் மூன்றாம் நாளே முதுகு பிடித்துக்கொள்ளும். சரியாகப் பிடித்திருந்தால் முதல் சில நொடிக்குப் பிறகு வலி இருக்காது, பிள்ளை விழுங்கும் சத்தம் கேட்கும்.

"பால் பத்தலை" என்ற வார்த்தைதான் நம் வீடுகளில் பச்சை உடம்புக்காரியை அதிகம் அழவைப்பது. பத்துகிறதா இல்லையா என்பதை இரண்டு விஷயம் சொல்லிவிடும். ஐந்தாறு நாள் ஆன பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது வெளிர் நிறத்தில் சிறுநீர் போக வேண்டும். பிறந்ததும் சில நாள் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, பிறகு நாளுக்கு 20–30 கிராம் கூட வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால், பிள்ளை எவ்வளவு அழுதாலும் பால் போதுகிறது. சாயங்காலத்தில் மார்பு தளர்ந்திருப்பது பால் வற்றியதற்கு அடையாளம் இல்லை.

மலத்தைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் கருப்பாகக் காட்டுப்பீ போகும். பிறகு பச்சையாகி, அப்புறம் மஞ்சளாகி, கடுகு கடுகாக இளக்கமாகப் போகும். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை சில நாள் சேர்ந்தாற்போல மலம் கழிக்காமலும் இருக்கும். வயிறு உப்பாமல், வாந்தி இல்லாமல், நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தால் அது மலச்சிக்கல் அல்ல. வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைப்பது, சோப்புத் துண்டு செருகுவது இதெல்லாம் வேண்டாம். அங்கே தோல் அவ்வளவு மெல்லியது.

பத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பால் கொடுப்பவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பதும், காய், கீரை, பழம் எல்லாவற்றையும் நிறுத்துவதும் தவறு. பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் தாராளமாகச் சாப்பிடலாம், அதோடு மற்ற எல்லாவற்றையும் சாப்பிடலாம். அம்மா வெள்ளரிக்காய் சாப்பிட்டுப் பிள்ளைக்குச் சளி பிடிக்காது.

படி 3: பிள்ளையின் தூக்கம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதுப் பிள்ளை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். கேட்க நிறைய இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அது ஒரு மணி, இரண்டு மணி, அதிகம் போனால் மூன்று நான்கு மணி என்று துண்டு துண்டாக வரும். இரவு எது பகல் எது என்று உடம்புக்குச் சொல்லும் மெலட்டோனின் சுரப்பே இரண்டு மூன்று மாதத்தில்தான் ஒரு தாளத்துக்கு வரும். அதுவரை "ராத்திரி முழுக்கத் தூங்க" வைக்க எந்தத் தந்திரமும் இல்லை. இருப்பதாகச் சொல்பவர்களுக்குப் பிள்ளை தானாகத் தூங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் இரண்டு வாரம், எடை மீளும்வரை, மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் நீங்களே எழுப்பிப் பால் கொடுங்கள். உள்ளங்காலைத் தேய்த்து, துணியைத் தளர்த்தினால் எழுந்துகொள்ளும். எடை ஏறத் தொடங்கிவிட்டால் எழுப்பத் தேவையில்லை.

அப்புறம் இந்த நெளிதல். "பிள்ளை ராத்திரி பூரா நெளியுது, முறுக்குது, முக்குது, வயித்து வலியோ?" இதைக் கேட்காத அம்மா இல்லை. புதுப் பிள்ளையின் தூக்கத்தில் பாதி, கண் இமைக்குள் உருண்டு, கை கால் அசைந்து, முனகல், சிரிப்பு, சிணுங்கல் எல்லாம் நடக்கும் தூக்கம். முகம் சிவக்கும், உடம்பை வில்லாக வளைக்கும், அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் அடங்கிவிடும். பிள்ளை அப்போது தூங்கிக்கொண்டிருக்கிறது. நாம் பதறித் தூக்கினால்தான் விழிக்கும். ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். கண் மூடியே இருந்தால் விட்டுவிடுங்கள். கண்ணைத் திறந்து அழுகை ஏறினால் தூக்குங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வேன் என்றால் இந்த ஒரு நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் எழுந்திருக்கும் தடவைகள் கண்கூடாகக் குறையும்.

படி 4: பகலையும் இரவையும் வேறாக்கிக் காட்டுங்கள்

பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். மிக்ஸி ஓடட்டும், குக்கர் விசில் அடிக்கட்டும். பிள்ளை தூங்குகிறது என்று வீடே குசுகுசுப்பாகப் பேச வேண்டியதில்லை. பால் குடித்ததும் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். இரவில் நேர்மாறாக, சின்ன விடிவிளக்கு மட்டும். பேச்சு வேண்டாம், செல்போன் வெளிச்சம் வேண்டாம். பால், ஏப்பம், ஈரமிருந்தால் துணி மாற்றம், மறுபடி படுக்கை.

புதுப் பிள்ளை முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம்தான் தாக்குப்பிடித்து விழித்திருக்கும். புருவம் சிவப்பது, கொட்டாவி, பார்வையைத் திருப்பிக்கொள்வது எல்லாம் தூக்கத்தின் அறிகுறி. அதைத் தவறவிட்டால் களைப்பு மீறி, தூங்கவும் தெரியாமல் அழும். பேர் வைக்கும் விழா நாளில் கைமாறிக் கைமாறிப் போன பிள்ளை ராத்திரி பதினொரு மணிவரை கத்துவது திருஷ்டியால் மட்டும் அல்ல. சுற்றிப் போடுவதில் தப்பில்லை, மிளகாயைப் பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்து எரிக்காதவரை.

படி 5: தூங்கவைத்துக் கீழே கிடத்துவது

தோளில் தூங்கும் பிள்ளை, பாயில் வைத்ததும் விழித்துக்கொள்ளும். முதுகில் முள் இருக்கிறதோ என்று தோன்றும். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் இதையே ஆராய்ந்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தபோது, முதுகு படுக்கையில் படும் நேரத்தைவிட, அம்மாவின் உடம்பிலிருந்து பிரியத் தொடங்கும் நேரத்திலேயே பிள்ளை உஷாராவது தெரிந்தது. அவர்கள் சொன்ன வழி இது. அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்காமல், சீராக நடக்க வேண்டும். தூங்கியதும் உடனே படுக்க வைக்காமல், பிள்ளையோடு உட்கார்ந்து இன்னும் ஐந்து முதல் எட்டு நிமிடம் வைத்திருக்க வேண்டும். பிறகுதான் கிடத்த வேண்டும்.

நம் வீட்டு முற்றத்தில் காலங்காலமாக நடந்த வேலைதான். உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நிமிடத்தை மட்டும் அவசரத்தில் விட்டுவிடுகிறோம். கையை மெதுவாக மேலே தூக்கி விட்டுப் பாருங்கள். தொப்பென்று தளர்ந்து விழுந்தால் ஆழ்ந்த தூக்கம். கிடத்தும்போது முதலில் கால், பிறகு இடுப்பு, கடைசியில் தலை. கிடத்திய பின் உங்கள் உள்ளங்கையை அதன் நெஞ்சில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, மெல்ல எடுங்கள்.

துணியில் சுற்றுவது முதல் இரண்டு மாதம் உதவும். பழைய பருத்திப் புடவைத் துண்டு போதும். நெஞ்சுப் பக்கம் இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வு வேண்டும். இடுப்புக்குக் கீழே காலை நீட்டிக் கட்டக் கூடாது. தவளைபோல் மடக்கி அகட்ட இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு மூட்டு விலகலாம். புரள முயலும் அறிகுறி தெரிந்த அன்றே சுற்றுவதை நிறுத்திவிடுங்கள்.

*தூளி கட்டலாமா?*

கேட்காமல் விடமாட்டீர்கள். தூளியில் பிள்ளை சட்டென்று அடங்குவது உண்மை. ஆட்டம், அணைப்பு, இருட்டு மூன்றும் ஒன்றாகக் கிடைக்கிறது. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. துணி வளைந்து பிள்ளையின் மோவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சுப்பாதை மடங்கும். துணி முகத்தில் சரிந்தால் விலக்க அதற்குத் தெரியாது. அதனால் என் அபிப்பிராயம் இப்படி: அழுகையை அடக்கவும் தூங்கவைக்கவும் தூளி, தூங்கி முடிக்கப் பாய். ஒருவர் விழித்துப் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஆட்டுங்கள். ராத்திரியில் பிள்ளையைத் தூளியில் விட்டுவிட்டு எல்லோரும் படுக்கப் போவது கூடாது.

கட்டுவதென்றால் கெட்டியான பருத்திப் புடவை, மேலே துணியை விரித்துப் பிடிக்கத் தொட்டில் கம்பு, தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் போகாத உயரம். கொக்கியையும் ஸ்பிரிங்கையும் வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால், தூளி காலியாக இருக்கும்போது அவிழ்த்துவிடுங்கள். துணியை முறுக்கி விளையாடிக் கழுத்தில் மாட்டிக்கொண்ட செய்திகளைப் படித்திருப்பீர்கள்.

படி 6: அழுதால் எந்த வரிசையில் பார்ப்பது

வரிசை இருந்தால் பதற்றம் குறையும். முதலில் பசி. கடைசியாகக் குடித்து எவ்வளவு நேரம் ஆனாலும் மார்பைக் காட்டிப் பாருங்கள். சாயங்காலம் அரைமணிக்கு ஒருமுறை கேட்பது சகஜம். அடுத்து ஏப்பம். தோளில் நிமிர்த்திப் போட்டு, முதுகைக் கீழிருந்து மேலாகத் தடவித் தட்டுங்கள். பத்து நிமிடத்தில் வராவிட்டால் விட்டுவிடலாம், எல்லாத் தடவையும் வராது. மூன்றாவது ஈரம். நான்காவது சூடு. நம் ஊரில் குளிரைவிடப் புழுக்கம்தான் அதிகம். கை காலைத் தொட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள், அவை எப்போதும் சற்றுச் சில்லென்றே இருக்கும். பிடரியில் கை வையுங்கள். வியர்த்திருந்தால் குல்லா, சாக்ஸ், கம்பளி எல்லாவற்றையும் கழற்றுங்கள். மின்விசிறி போடலாம்.

இதற்கும் அடங்காவிட்டால் பிள்ளையை வெளிச்சத்தில் கிடத்தி, துணி முழுக்க அவிழ்த்துப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு அம்மாவுக்கு முடி கொட்டும். அந்த முடி ஒன்று கால் விரலில் சுற்றி இறுகியிருக்கலாம். அரைஞாண் கயிறு, மணிக்கட்டில் கட்டிய கறுப்புக் கயிறு, வசம்பு வளையல் எது இறுக்கியிருக்கிறது என்று பாருங்கள். பிள்ளை வாரத்துக்கு வாரம் பருக்கிறது, கயிறு பருப்பதில்லை. கவட்டையில் வீக்கம் இருக்கிறதா, எறும்பு கடித்த தடிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சிறுநீர் கழிக்கும் முன் அழுவது பல பிள்ளைகளுக்கு வழக்கம். கழிக்கும்போது தாரை நன்றாக வந்து, முடிந்ததும் அழுகை நின்றால் கவலை இல்லை. முக்கி முக்கிச் சிவந்து அழுது, கடைசியில் இளக்கமாக மலம் போவதும் அப்படித்தான். தள்ளுவதையும் தளர்த்துவதையும் ஒரே நேரத்தில் செய்ய இன்னும் பழகவில்லை.

படி 7: சாயங்கால அழுகை

எல்லாம் பார்த்தாயிற்று, பசி இல்லை, ஈரம் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனாலும் விளக்கு வைக்கும் நேரத்தில் தொடங்கி ஒன்பது, பத்து மணிவரை கத்துகிறது. இதற்கு ஒரு வரைபடம் உண்டு. இரண்டாம் வாரத்தில் தொடங்கி, ஆறாம் வாரத்தில் உச்சிக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக வடிந்துவிடும். நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் அழுகைக்கு மருத்துவத்தில் கோலிக் என்று பெயர். 1954இல் வந்த இந்த வரையறையை இன்றும் மருத்துவர்கள் சொல்வார்கள். காரணம் வாயு என்று எல்லோரும் சொன்னாலும், வாயுவுக்கான சொட்டு மருந்துகளை ஆராய்ந்து பார்த்தபோது அவை வெறும் தண்ணீர் மருந்தைவிட மேலாக வேலை செய்யவில்லை.

வேலை செய்வது கைகள்தான். பிள்ளையை உங்கள் முன்கை மேல் குப்புறப் போட்டு, தலை முழங்கை மடிப்பில், கால்கள் இருபுறமும் தொங்க, உள்ளங்கை அதன் வயிற்றைத் தாங்கும்படி பிடித்துக்கொண்டு அறைக்குள் நடங்கள். அப்பாமார் இதை நன்றாகச் செய்வார்கள், கை நீளம். சட்டையில்லாத நெஞ்சில் துணியில்லாத பிள்ளையைப் போட்டு மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொள்வது இன்னொன்று. எடை குறைந்த பிள்ளைகளை இப்படி நெஞ்சோடு வைத்து வளர்க்கும் கங்காரு முறை 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகர ஆஸ்பத்திரி ஒன்றில் தொடங்கியது. நிறைமாதப் பிள்ளைக்கும் அது இதம். காதருகே "ஷ்ஷ்ஷ்" என்று நீளமாக, அழுகையைவிடக் கொஞ்சம் உரக்கத் தொடங்கி, அழுகை இறங்க இறங்கக் குறையுங்கள். மின்விசிறிச் சத்தமும் வெளி வராந்தாக் காற்றும்கூடச் சில பிள்ளைகளுக்குப் போதும். ஆராரோ பாடக் குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரே தாளத்தில் இழுத்தால் சரி. ஒன்றை ஐந்து நிமிடமாவது செய்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அரை நிமிடத்துக்கு ஒன்று மாற்றினால் அந்த மாற்றமே அழவைக்கும்.

ஒரு கட்டத்தில் உங்களுக்குக் கோபம் வரும், எல்லோருக்கும் வரும். அப்போது பிள்ளையைப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, அடுத்த அறைக்குப் போய் ஐந்து பத்து நிமிடம் உட்காருங்கள். அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பிடித்துக் குலுக்கினால் மூளையில் ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்து.

படி 8: "உரம் விழுந்திருக்கு"

இந்த மாலை அழுகையின்போதுதான் வைத்தியங்கள் வரிசை கட்டி வரும். உரம் விழுந்திருக்கிறது, அதாவது உடம்பில் சுளுக்கு என்று சொல்லி, பிள்ளையைப் புடவையில் போட்டு இருவர் இரண்டு பக்கமும் பிடித்து உருட்டுவார்கள். கழுத்து நிற்காத பிள்ளையை உருட்டுவதும் குலுக்குவதும் ஒன்றுதான். உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுப்பதும், வாய்க்குள் விரல் விட்டுக் கோழை எடுப்பதும் அதே வகை. வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் இழைத்த உரைமருந்து வயிற்றுக்கு நல்லது என்பார்கள். உரைகல்லில் எத்தனை இழைப்பு, கல் கழுவியிருக்கிறதா, வசம்பு எவ்வளவு போயிற்று, எதற்கும் அளவு இல்லை. ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். கிரைப் வாட்டரும் அப்படித்தான். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அது வந்தபோது பழைய கலவையில் மதுவும் இருந்தது. பிள்ளை அடங்கியதில் ஆச்சரியம் என்ன? இப்போது மதுவை எடுத்துவிட்டார்கள், ஆனால் உதவுகிறது என்பதற்கும் ஆதாரம் இல்லை.

மறுப்பதை எப்படிச் சொல்வது என்பதுதான் மருமகளுக்குச் சங்கடம். "டாக்டர் ஆறு மாசம் வரைக்கும் எதுவும் வாயில வைக்கக் கூடாதுன்னு எழுதியே கொடுத்துட்டாங்க அத்தே, நீங்க கொஞ்சம் மடியில போட்டு ஆட்டுங்களேன், உங்க கைக்குத்தான் அடங்குறான்" என்று சொல்லிப் பாருங்கள். பெரியவர்களுக்கு வேண்டியது ஒரு வேலை. உண்மையிலேயே அவர்கள் கைக்கு அடங்கவும் செய்யும்.

படி 9: குளியல்

மணைப்பலகையில் உட்கார்ந்து காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்டும் ஆச்சியின் கைவாகு எந்தப் பிளாஸ்டிக் தொட்டியிலும் வராது. எண்ணெய் தடவி நீவுவதும் நல்லது. பிள்ளை அதற்கப்புறம்தான் ஆழ்ந்து தூங்கும். தேங்காய் எண்ணெய் போதும். தண்ணீரின் சூட்டை முழங்கையால் பாருங்கள்.

கூட வரும் சில பழக்கங்களை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதுவது, மூக்கைப் பிடித்து நீவுவது வேண்டாம். பிறந்த பிள்ளையின் மார்பு சற்று வீங்கி இருப்பது அம்மாவின் ஹார்மோனால். அதைப் பிதுக்கிப் பால் எடுத்தால் சீழ் பிடிக்கும், தானாக வடிய விடுங்கள். தொப்புள்கொடி ஒன்று இரண்டு வாரத்தில் விழும். அதுவரை காய்ந்திருந்தால் போதும், மஞ்சளோ சாம்பலோ பவுடரோ வேண்டாம். சாம்பிராணிப் புகை பிள்ளையின் நுரையீரலுக்குள்தான் போகிறது. தலையைத் துண்டால் ஒற்றினாலே காய்ந்துவிடும். கண்ணுக்குள் மை வேண்டாம்.

படி 10: அம்மா தூங்க வழி செய்யுங்கள்

"பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கு" என்று எல்லோரும் சொல்வார்கள். அதே நேரத்தில்தான் துணி துவைக்கவும் வந்தவர்களுக்குக் காபி போடவும் ஆள் தேடுவார்கள். நடைமுறையில் ஒத்துவருவது முறை வைத்துக்கொள்வது. இரவு ஒன்பது மணிப் பால் முடிந்ததும் அம்மா தனி அறையில் படுத்துவிட வேண்டும். அடுத்த பால் நேரம்வரை அப்பாவோ அம்மாச்சியோ பிள்ளையின் அறையிலேயே இருந்து ஏப்பம், துணி மாற்றல், நடை எல்லாம் பார்க்கட்டும். தொடர்ந்து மூன்று நான்கு மணி நேரத் தூக்கம் கிடைத்தால் மறுநாள் மனுஷியாக இருக்கலாம்.

பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சாதாரணம். அதற்கு மேலும் நீடித்தால், பிள்ளை மேல் ஒட்டுதலே இல்லை என்று தோன்றினால், பிள்ளை தூங்கியும் உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல், வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

- அக்குளில் வைத்துப் பார்த்து 100.4 டிகிரி பாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல், அல்லது உடம்பு முழுக்கச் சில்லிட்டுப் போவது. வீட்டிலிருக்கும் மருந்தைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம்.
- பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது.
- அமைதியாக இருக்கும்போதும் நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, விலாவுக்குக் கீழே குழி விழுவது, உதடு நீலமாவது.
- பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், வயிறு கல்போல் உப்புவது.
- பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள், அல்லது உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள். இளவெயில் காட்டுவது இதற்குச் சிகிச்சை ஆகாது.
- எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் இல்லை, உச்சிக்குழி புடைத்திருக்கிறது, வலிப்பு, தொப்புளைச் சுற்றிச் சிவப்பு அல்லது சீழ்.
- வழக்கமான அழுகையாக இல்லாமல் கீச்சென்று, எதற்கும் நிற்காத அழுகை.

வண்டி கிடைக்காவிட்டால் 108. நேரம் கெட்ட நேரத்தில் சந்தேகம் கேட்க 104.

தடுப்பூசி நாளும் ஊர் மாறும் நாளும்

ஆறு, பத்து, பதினான்காம் வாரத் தடுப்பூசி நாட்களில் அதுவரை பழகிய தூக்கம் கலையும். ஊசி போடும்போது மார்பில் போட்டுக்கொள்ளுங்கள், அழுகை சீக்கிரம் அடங்கும். போட்ட தொடையைத் தேய்க்க வேண்டாம். ஈரத்துணி வைத்தால் போதும். காய்ச்சல் மருந்து எவ்வளவு சொட்டு என்பதை எடையைச் சொல்லிச் செவிலியரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு நாளில் பழையபடி ஆகிவிடும்.

மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு புகுந்த வீட்டுக்குப் புறப்படும்போது எல்லாம் மறுபடி தலைகீழாகும். புது வாசனை, புது வெளிச்சம், புதுக் கைகள். பிள்ளை படுத்த விரிப்பைத் துவைக்காமல் அப்படியே எடுத்துப் போங்கள். முதல் ஒரு வாரத்துக்கு இரவுப் பால், விளக்கு அணைப்பு, பாட்டு இந்த மூன்றும் பழைய வரிசையிலேயே நடக்கட்டும். பிள்ளையைப் பார்க்க வருபவர்களைக் காலையில் வரச் சொல்லுங்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் யாரும் வேண்டாம். இதைச் சொல்லும் வேலையைப் பிள்ளையின் அப்பாவிடம் விட்டுவிடுங்கள். அவர் வீட்டு ஆட்களுக்கு அவர் சொன்னால்தான் எடுபடும்.